எஞ்சின் மாறிய மொரிஸ் மைனர்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் வீதியோரம், நமுனுகுல மலைச்சரிவுகளைப் பார்த்து நிற்கும் அந்தத் தகரக்கூரைக் கராஜுக்குக் கொழுந்து லொறிகளும் த்ரீவீலர்களும் ஓயாது வந்துபோகின்றனவாயினும், அங்கே தனி மரியாதை பெறும் வாகனம் மொரிஸ் மைனர்தான் என்பதைச் சென்ற சிறிது நேரத்திலேயே கண்டுகொண்டேன். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தச் சிறு கார், தோட்டத்து டிஸ்பென்சர்களுக்கும் பெரிய கிளாக்கர்மார்க்கும் ஒரு காலத்தில் அந்தஸ்தின் சின்னமாக விளங்கியது. அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் புதுக் கார்களின் வரவு குறுகிப்போகவே, இருப்பதைப் பேணுவதே தர்மம் என்றாயிற்று; 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதோ, இந்தக் கிழவண்டிகளைப் பரிகசித்தவர்களும் அவற்றின் விலையை விசாரிக்கலானார்கள்.

அன்று அங்கே நின்ற மைனர், ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவருடையது. அதன் 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கியதால், வேறோர் ஊர்க் கராஜில் கொடுத்து, ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த 1,171 கன சென்டிமீட்டர் நிஸான் ஏ12 எஞ்சினை அதன் ஸ்தானத்தில் அமர்த்தியிருந்தார்.

“சும்மா நிக்கிறப்ப தையல் மெஷின் மாதிரி ஓடுது பாஸ். ஹாலிஎல தாண்டி ஏத்தத்துல மிதிச்சா மட்டும் மிஸ் அடிக்குது” என்றார் அவர்.

பாஸ் என்று ஊரார் அழைக்கும் அந்த மெக்கானிக், லயத்தில் பிறந்து, தேயிலை பெக்டரியில் ரோலர்களை ஓட்டிய எண்ணெய் எஞ்சினைக் காவல்காத்த தகப்பனாரிடம் முதற்பாடம் கேட்டவர். கையில் ஆயுதம் ஏதும் எடுக்காமல் கிளாக்கர் ஐயாவை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். நான் பின்னாசனத்தில் ஒடுங்கிக்கொண்டேன். ஏற்றத்தில், மூன்றாம் கியரில், ஆக்ஸிலேட்டர் ஆழ இறங்கியதும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. காலைச் சற்றே தளர்த்தியதும் நோய் மாயமாய் மறைந்தது.

“ஐயா, இது பெற்றோல் வருத்தம் இல்லீங்க, நெருப்பு வருத்தம்” என்றார் பாஸ். பெற்றோல் போதாத வண்டி முதலில் சோம்பும், பிறகு மூச்சுவாங்கும், கபுரேட்டர் மறுபடி நிரம்ப அவகாசம் கொடுத்த பின்பே தேறும். இப்படிச் சட்டென்று வெட்டிச் சட்டென்று தெளிவது பொறியின் குணம் என்பது அவருடைய வாதம். கைத்தொழிலாளியின் அறிவு வெறும் கைப்பழக்கம் என்று படித்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் அந்த ஏற்றத்தில் எங்களுடன் வந்திருக்க வேண்டும்.

கராஜுக்குத் திரும்பியதும் பரிசோதனை ஆரம்பமாயிற்று. பொயின்ட் இடைவெளியை ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தார், குறை தீரவில்லை. கொண்டென்சரை மாற்றினார், அப்பொழுதும் அப்படியே. ரோட்டரையும் பிளக் வயர்களையும் தனித்தனியே மாற்றினார். அவசரப்பட்ட சீடப்பையன் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாமே என்றபோது, “அப்பறம் எது சரியாக்குச்சுன்னு எப்படிடா தெரியும்?” என்று ஒரு வார்த்தையில் அடக்கினார்.

இந்த இடைவேளையில் கிளாக்கர் ஐயா, எஞ்சின் மாற்றிய வாரத்திலிருந்து காரின் பழைய ரேடியோவும் வாய் திறப்பதில்லை என்று பேச்சோடு பேச்சாகக் குறைபட்டுக்கொண்டார். பாஸின் கை அப்படியே நின்றது. நேரே பற்றரியைப் பார்த்தார். பிறகு கொயிலைப் பார்த்தார். பிறகு பையனிடம் ஒரு பென்சில் கேட்டார்.

பிளக்கிலிருந்து வயரைக் கழற்றி, ரப்பர்ப் பிடி போட்ட குறட்டால் சிறிது விலக்கிப் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டு, இடையே பென்சிலின் கரிமுனையை நீட்டினார். பொறி முறையாக வந்தால் கரிமுனைக்கும் பிளக்குக்கும் நடுவே சுடர் விரியும். இங்கேயோ வயர்ப் பக்கமாக விரிந்தது. கொயில் தலைகீழாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் காலத்து மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய ஒல்டர்னேட்டருக்கோ நெகட்டிவ் முனை உடலில் சேரவேண்டும். எஞ்சினை மாற்றியவர்கள் பற்றரியைக் கிரமமாகத் திருப்பிவிட்டார்கள். ஆனால் நிஸான் காரில் கொயில் எஞ்சினோடு அல்லாமல் உடலோடு பூட்டப்படுவதால், கப்பலேறி வந்த எஞ்சினுடன் அது வரவில்லை. மைனரின் பழைய லூகாஸ் கொயிலே, எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுத்துப் பொறித்த முனைகளில் பழைய வயர்களோடு அப்படியே தங்கிவிட்டது. ரேடியோவின் மௌனத்துக்கும் அந்தத் திருப்பமே காரணம் என்று பாஸ் தீர்ப்பளித்தார்.

பிளக்கின் நடுமுனை மிகுந்த வெப்பத்தில் இருப்பது. சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரோன்கள் எளிதில் வெளியேறுமாகையால், அந்த முனை நெகட்டிவாக இருந்தால் பொறி சுலபமாகத் தாவும். தலைகீழானால் கணிசமாக அதிக வோல்ட் வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்றில் நொடிக்கு 27 பொறி போதுமானதால் கொயில் சாவகாசமாக நிரம்பிக்கொள்கிறது; 4,500 சுற்றிலோ நொடிக்கு 150 பொறி கேட்கப்படுகிறது, அதிலும் ஏற்றத்தில் முழுதாக மிதிக்கையில் சிலிண்டருக்குள் அமுக்கம் பெருகிப் பொறியின் தேவையும் உயர்கிறது. குறைந்த வேகத்தில் மறைந்துகிடந்த குறை, மலை ஏறும்போது மட்டும் வெளிப்பட்டதன் ரகசியம் இதுதான்.

இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்ட ஒரு ஸ்பேனரே போதுமாயிருந்தது. மறுபடியும் அதே ஏற்றத்தில் போனோம். மைனர் ஒரு வெட்டுமின்றிப் பாடிக்கொண்டே ஏறியது. பதுளை ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்க, மகள் வீடு இருக்கும் பண்டாரவளை 1,200 மீட்டருக்கும் மேல் என்பதால், கபுரேட்டரையும் அதற்கேற்பத் திருத்திவிடலாமா என்று கிளாக்கர் ஐயா உற்சாகத்தோடு கேட்டார். “வேணாங்க ஐயா. அங்க போயி கறுப்புப் புகை வந்தா கொண்டாங்க, பாப்போம்” என்றார் பாஸ்.

பிறகு வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, உடலில் சேர்வது நெகட்டிவ் என்று பொனட்டின் உட்புறத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். இனி இந்தக் காரைத் திறக்கப்போகிறவர் யாரோ, எந்தப் பாஷைக்காரரோ என்றார். அறுபது வருஷத்துக் காரில் இவ்வளவு பெரிய எழுத்தா என்று கிளாக்கர் ஐயா முணுமுணுத்தார். பாஸ் இன்னும் ஒரு கோடு இழுத்து அடிக்கோடிட்டார்.