இருபத்துநான்காவது தலை

பிரயாணம் முடித்து மீண்டவரிடம், "என்னென்ன கண்டீர்கள்?" என்று வினவுவதே உலக வழக்கு. "என்ன தவறு செய்தீர்கள்?" என்று வினவுவார் அரியர். அவ்வாறு வினவினாலன்றோ பிரயாணத்தின் மெய்யான பயன் வெளிப்படும்! 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், மட்டக்களப்பிலிருந்து மாணவ மாணவியர் 24 பேரை அழைத்துக்கொண்டு, ஆசிரியைகள் இருவர் துணைவர நாம் தமிழ்நாடு சென்று திரும்பினோம். அங்குள்ள கோபுரங்களின் உயரத்தைப் பற்றி எழுதப் பலர் உளர். நாம் செய்த பிழையொன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

எமது பிரயாணத்துக்கு நோக்கமொன்று இருந்தது. 1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுவதற்கு முன்னின்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர். பழந்தமிழரின் யாழைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து அவர் இயற்றிய ‘யாழ் நூல்’, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அடிகள் மறைந்தார். கல்லடியிலுள்ள அவரது சமாதியை அன்றாடம் கடந்து செல்லும் எம் பிள்ளைகள், அந்நூல் அரங்கேறிய மண்ணை ஒருமுறையேனும் மிதித்து வரவேண்டுமென்பது எமது நெடுநாள் ஆசை.

எம் முன்னோருக்கு இந்த வழி எளிதாயிருந்தது. 1914 முதல் ரயிலும் கப்பலுமாகத் தலைமன்னார் வழியே தனுஷ்கோடிக்குச் சென்று வந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் யுத்தச் சூழலில் நின்றுபோயிற்று. 2023 ஒக்டோபரிலேதான் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாளில் நின்ற அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. விமானத்தில் தாவிச் செல்வதைவிடக் கடலைக் கடந்து செல்வதே மாணாக்கருக்குக் கல்வியாகும் என்று நாம் முடிவு செய்தோம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் பிள்ளைகளை ஒன்றுகூட்டி மூன்று கட்டளைகள் இட்டோம். கடவுச்சீட்டு எந்நேரமும் கழுத்துப் பையில் இருத்தல் வேண்டும். வண்டி புறப்படுமுன் தலைகள் எண்ணப்படும். மூன்றாவது கட்டளையே பெரிதென்று அப்போது எண்ணினோம்: "அங்கே புத்தகத் தமிழிற் பேசுங்கள். ‘மறுகா’, ‘கிறுகி’, ‘மனே’ என்பன போன்ற ஊர்ச் சொற்களை வாவிக்கரையிலேயே விட்டு வாருங்கள். கேட்போர் நகைப்பார்கள், எங்கள் கல்லூரிக்கு இழுக்கு." பிள்ளைகள் தலையசைத்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மாத்திரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாவலடியைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகன். வகுப்பிலும் அதிகம் பேசாதவன்.

கடற்பிரயாணத்தைப் பற்றி எம் பையன்களுக்கு ஐயமே இருக்கவில்லை. "கோலூன்றித் தோணி தள்ளிப் பழகிய எங்களுக்குக் கப்பல் எம்மாத்திரம்?" என்று மார்தட்டினர். ஆழமில்லாத வாவி வேறு, பாக்கு நீரிணை வேறு என்பது அரை மணிநேரத்திற்குள் விளங்கிற்று. மார்தட்டியோர் வரிசையாகச் சாய்ந்தனர். ஆசிரியை ஒருவர் முன்யோசனையோடு கொண்டுவந்த தேசிக்காய்களை நறுக்கி முகரக் கொடுத்துக்கொண்டு வந்தார். மாணாக்கரின் தைரியத்தைக் காக்கவேண்டிய நாமோ எல்லோருக்கும் முன்னதாகவே படுத்துவிட்டோம். ஏறத்தாழ நான்கு மணிநேரம் அந்த நிலை. நாகை மண்ணை மிதித்த பின்னரே தலை நிமிர்ந்தது.

மூன்றாவது கட்டளையின் விளைவு அன்று மாலையே தெரிந்தது. தேநீர்க்கடையில் ஒரு மாணவன், "ஐயா, எமக்கு மூன்று கோப்பை தேநீர் அளிப்பீராக" என்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "தம்பிங்க நாடகக் கம்பெனியா?" என்று கேட்டார். மாணவி ஒருத்தி தேசிக்காய் வாங்கப் போய், அதற்கு நூலில் என்ன பெயர் என்று நினைவு வராமல், வெறுங்கையுடன் திரும்பினாள். நாம் சிரித்தோம். சிரித்ததோடு நின்றுவிட்டோம், சிந்தித்தோமில்லை.

மறுநாட் காலை வாடகை வண்டியிற் புறப்பட்டுத் திருவாரூர் சேர்ந்தோம். தியாகராசர் கோயிலைத் தரிசித்து, கமலாலயக் குளக்கரையில் சற்று இளைப்பாறினோம். மீண்டும் வண்டியேறியதும் நாமே முன்னிருந்து பின்வரை தலைகளை எண்ணினோம். இருபத்துநான்கு. கணக்குச் சரி. வண்டி புறப்பட்டது.

திருக்கொள்ளம்பூதூரில் இறங்கியபோது எண்ணினால் இருபத்துமூன்று! மூன்று முறை எண்ணியும் கணக்கு மாறவில்லை. வண்டியின் பின்னிருக்கையிற் போய்ப் பார்த்தால், தலைவரை போர்த்துக்கொண்டு ஓர் உருவம் உறங்குகிறது. போர்வையை விலக்கினோம். வண்டியோட்டியின் கையாளான கிளீனர்ப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். எமது இருபத்துநான்காவது தலை அதுதான்! காணாமற் போயிருந்தவனோ அந்த நாவலடி மாணவன்.

அந்தக் கணம் எமக்கு உடல் நடுங்கியது. எமது இளமைக் காலத்தில், "ஆள் இன்னும் வரவில்லை" என்ற வார்த்தைக்கு எங்கள் ஊரில் இருந்த பொருளை இங்கு விரிக்கவேண்டியதில்லை. பிள்ளைகளின் கையில் எமது தொலைபேசி இலக்கம் எழுதிய சீட்டு இருந்தது உண்மை. ஆனால் அது இலங்கை இலக்கம். கப்பலேறியது முதல் அந்தத் தொலைபேசி வாய் திறக்கவில்லை. வண்டியோட்டியின் இலக்கத்தை எழுதிக் கொடுக்க எமக்குத் தோன்றவில்லை. கடன்பட்டுக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த தந்தைக்கு என்ன விடை சொல்வோம்? பிள்ளைகளை ஆசிரியைகளிடம் ஒப்புவித்துவிட்டுத் திருவாரூருக்கு மீள வண்டியேறினோம்.

வண்டி நகருமுன்னே எதிரில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் எம் மாணவன்! கையிலே, எண்ணெய் ஊறிய தாளிற் சுற்றிய வடைப்பொதி. அவனைக் கண்டதும் கடிந்துகொள்ளவே வாய் எழுந்தது, குரல்தான் எழவில்லை.

பின்னர் அவன் சொன்ன வரலாறு இது. குளக்கரையில் அவனுக்குக் கழிப்பிடம் செல்லவேண்டியிருந்தது. ‘மலசலகூடம் எங்கே’ என்று கேட்டால் இவ்வூரார் நகைப்பார்களோ என்று அஞ்சி, யாரையும் கேளாமல், தானே தேடி நெடுந்தூரம் நடந்திருக்கிறான். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அப்போதும் எவரையும் கேளாமல் படிக்கட்டிலேயே நின்றிருக்கிறான். அருகே தேநீர்க்கடை வைத்திருந்த அம்மையார் ஒருவர் நெடுநேரம் கவனித்திருந்து, "ஏன் தம்பி, ரொம்ப நேரமா நிக்கிறியே, யாரைத் தேடுற?" என்று கேட்டிருக்கிறார். புத்தகத் தமிழைத் தேடினான். ஒரு சொல்லும் அகப்படவில்லை. கண்ணீரோடு ஊர்த்தமிழே வந்தது: "எங்கட வண்டி போயித்தும்மா. மறுகா நான் என்ன செய்யிற?"

அம்மையார் நகைக்கவில்லை. "சிலோன் புள்ளையா?" என்று கேட்டு உள்ளே அழைத்து உட்காரவைத்தார். நாகையை அடுத்த கடற்கரைக் குப்பத்திற் பிறந்தவராம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் வீட்டையும் உறவினரையும் இழந்து திருவாரூருக்குக் குடிபெயர்ந்தவர். "எங்கட ஊரையும் அண்டைக்குத்தான் கடல் எடுத்த" என்றானாம் இவன். அவன் பிறக்குமுன்னரே அந்த அலை கொண்டுசென்ற தமக்கை ஒருத்தி அவனுக்கு உண்டு. படத்தில் மட்டுமே கண்டவள். அதுவரை எம்மிடம் அதனை அவன் சொன்னதில்லை. அம்மையார் அவனை உண்ணச் செய்து, நாங்கள் செல்லும் ஊரைக் கேட்டறிந்து, தம் மகனோடு அனுப்பிவைத்தார். வழிச்செலவுக்கென்று நாம் நீட்டிய பணத்தை அவ்விளைஞர் தொடவேயில்லை.

எண்ணிப் பார்த்தோம். முகங்களைப் பாராமல் தலைகளை எண்ணியது எமது முதற் பிழை. அதனினும் பெரிய பிழை, பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிகவும் அணுக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்றும், மிகப் பழைய கூறுகள் சிலவற்றை அது காத்து வைத்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையோடு படிப்பிப்பவர் நாமே. கடல் கடக்கும் வேளையில் அதனையே மறைத்துவைக்கச் சொன்னவரும் நாமே! மலசலகூடம் என்பதும் எம் நாட்டுப் பெயர்ப்பலகைகளில் எழுதப்படும் நல்ல தமிழ்தானே? எமது வெட்கத்தை ஒரு சிறுவனின் தலையில் ஏற்றிவிட்டோம்.

அன்று மாலை கோயிலில் அமர்ந்து பிள்ளைகளுக்கு அத்தலத்தின் வரலாற்றைச் சொன்னோம். ஆற்றிலே வெள்ளம். ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டனர். திருஞானசம்பந்தர் அடியாரோடு ஓடமேறிப் பதிகம் பாட, ஓடம் தானே அக்கரை சேர்ந்தது. அவருடைய நாவின் வன்மையே அன்று ஓடம் தள்ளும் கோலாயிற்று என்பது சேக்கிழார் காட்டும் நயம். பலமுறை படிப்பித்த பகுதிதான். ஆயினும் அன்றுதான் அது எம்மைச் சுட்டது. தோணியிலே வளர்ந்த பிள்ளையின் கையிலிருந்த கோலைப் பிடுங்கிவிட்டுக் கடலில் தள்ளியவர் நாமல்லவா?

அங்கேயே மூன்றாவது கட்டளையை மீட்டுக்கொண்டோம். "உங்கள் வாயில் வருவதைப் பேசுங்கள். விளங்காவிட்டால் அவர்கள் கேட்பார்கள்; நீங்களும் கேளுங்கள்" என்றோம். அதன்பின் தஞ்சையிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகளின் வாய் ஓயவில்லை. தேசிக்காய் என்றால் எலுமிச்சை என்று கடைக்காரர் கற்றார். பாண் என்றால் ரொட்டி என்று விடுதிக்காரர் கற்றார். வண்டி புறப்படுமுன் தலை எண்ணுவதை விடுத்துப் பெயர் சொல்லி அழைத்தோம். ஒவ்வொரு குரலும் "ஓம் சேர்" என்று விடை தந்த பின்னரே சக்கரம் சுழன்றது.

திரும்பும் வழியிலும் கடல் எம்மைப் படுக்கவைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பிரயாணம் செய்து விடியற்காலையில் கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். வாவியில் மீன்பிடித் தோணிகளின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. எல்லோரும் உறங்குகிறார்கள் என்று எண்ணியிருந்தோம். பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பில் நாம் அதிகம் கேளாத குரல்.

"சேர், மறுகா எப்ப போறம்?"

"மறுகா போவோம், மனே" என்றோம்.