தாத்தாவின் இ-ரீடர்



எங்கள் வீட்டில் ஒரு இ-ரீடர் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மாமா, தாத்தாவுக்காக வாங்கி வந்தது. தாத்தாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. கையும் நடுங்கும். கனமான புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. இதில் எழுத்தைப் பெரிசாக்கிக்கலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாகத் தரும் நூல்களையும் ஏற்றிக்கலாம். பேப்பரில் தலைப்பு மட்டும் பார்த்துக்கிட்டிருந்த மனுஷன், இப்போ ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தில் இருக்கிறார். அது உடைஞ்சா அவர் படிப்பும் நின்னுடும்.

“மேல கண்ணாடியே இல்லையே, எப்படி உடையும்?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டான். பெரும்பாலான இ-ரீடர்களில் கண்ணாடி உள்ளே இருக்கிறது, மெல்லிசான தகடாக. அதன்மேல் தலைமுடிக் கனமே உள்ள குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் கறுப்பை மேலே தள்ளினால் அந்த இடம் எழுத்தாகத் தெரியும். அப்புறம் மின்சாரம் இல்லாமலே அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். உள் கண்ணாடி விரிசல் விட்டால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். ஆனா பாதிப் பக்கம் மாறவே மாறாது, கோடு கோடா நிக்கும். ஒட்டவும் முடியாது, திரையையே மாத்தணும். அந்தச் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதுசே வாங்கிடலாம் என்றார் மாமா.

வந்த அன்னிக்கே ஒரு கூத்து. அணைத்து வைத்தும் திரையில் படம் இருந்ததா, சித்தி மகள் அதை ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் உரிக்கப் போய்விட்டாள்! நல்லவேளை, அம்மா பிடுங்கிவிட்டார்.

அம்மா நம்ம ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். “குலையைக் காம்பைப் பிடிச்சுத்தானே தூக்குறோம்? பழத்தையா அமுக்குறோம்? இதையும் ஓரத்தைப் பிடி” என்றார். மாமா அரைமணி நேரம் விளக்கியதைவிட எனக்கு இதுதான் சட்டென்று புரிந்தது.

கெட்டி அட்டை உறை போட்டிருக்கிறோம். உறைக்குள் பேனா, கண்ணாடிக்கூடு எதையும் வைத்து மூடுவதில்லை. ஒரு புள்ளியில் அழுத்தம் விழுந்தால் போதும். தலையணைக்கு அடியில் வைப்பதும் கிடையாது, புரண்டு படுத்தால் வளைந்துவிடும். தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

தம்பி அதைப் பள்ளிக்குக் கொண்டுவர ஆசைப்பட்டான். புத்தகப் பைக்குள்ள சாப்பாட்டு டப்பாவோட சேர்த்தா? தாத்தா தரமாட்டேன்னுட்டார். பார்க்கணும்னா சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. மூன்றாம் பாகம் முடியும்வரை அவர் கையிலிருந்து வாங்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி