மாணவரைக் காணாத ஆசான்

யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றின் முடிவில் ஒரு சிறிய வீடு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, பல்கலைக்கழக விடுதியிலிருந்து திரும்பியிருந்த கலைப்பீட மாணவியொருத்தி அவ்வீட்டினுள் தன் தாயாருடன் அடைபட்டாள். முதல் வாரம் உறக்கத்திலும் உணவிலும் கழிந்தது. இரண்டாம் வாரத்தில் முதுகு நொந்தது. விரிவுரை மண்டபப் படிகளில் நாள்தோறும் விரைந்தேறிய கால்கள் கனத்துப் போயின. ஒருநாட் காலை அவள் முன்விறாந்தையிலிருந்த கதிரைகளை ஒதுக்கினாள். சீமெந்துத் தரையிற் பாயை விரித்தாள். கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பொன்றிற் சாய்த்து வைத்து, அதில் ஓடிய உடற்பயிற்சிக் காணொளியைப் பார்த்துக் கைகால்களை அசைக்கத் தொடங்கினாள். குசினி வாசலில் நின்று நெடுநேரம் பார்த்திருந்த தாயார் இறுதியில் ஒரு கேள்வி கேட்டார்:

"அந்தப் பிள்ளையை நீ பாக்கிறாய், சரி. நீ செய்யிறது சரியோ பிழையோ எண்டு அவ எப்பிடிப் பாக்கிறது?"

மகளிடம் அன்று அதற்கு விடை இருக்கவில்லை. சிரித்துவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தாள். எனினும் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. ஆசான் ஓரிடத்திலும் மாணாக்கர் தத்தம் இல்லங்களிலுமாக இருந்து உடலைப் பயிற்றும் முறைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த முறையின் பலமும் பலவீனமும் அக்கேள்விக்குள்ளேயே அடங்கியுள்ளன.

அந்த மார்ச் மாதத்தில் இவ்வாறு பயின்றவள் அவள் மட்டுமல்லள். இங்கிலாந்திலே பாடசாலைகள் மூடப்பட்டபின், ஜோ விக்ஸ் என்னும் பயிற்சியாளர் மார்ச் 23ஆந் திகதி முதல் காலைதோறும் தமது வீட்டிலிருந்தபடியே சிறுவருக்கான உடற்பயிற்சியை இணையவழி நடத்தலானார். மறுநாள் அவரது நேரடி ஒளிபரப்பை ஒரே வேளையில் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் பார்த்தமை உலக சாதனையாகப் பதிவாயிற்று. அத்தனை இல்லங்களிலும் குழந்தைகள் துள்ளினர். அவர்களில் ஒருவரையேனும் அவர் காணவில்லை.

இம்முறையின் தொடக்கத்தில் ஆசானுக்கு முகமே இருக்கவில்லை. 1928ஆம் ஆண்டு யப்பானில் வானொலி உடற்பயிற்சி ஆரம்பிக்கப்பட்டபோது மாணாக்கருக்குக் கிடைத்தவை ஒரு குரலும் இசையுமே. போருக்குப் பின் சிலகாலம் தடைப்பட்டு, 1951இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கிய அப்பயிற்சி இன்றுவரை நிலைத்திருக்கின்றது. கோடை விடுமுறையில் அந்நாட்டுச் சிறுவர் காலையில் அயலிலுள்ள பூங்காவிலோ திடலிலோ கூடிப் பயில்வர்; வந்தமைக்கு அடையாளமாக அட்டையில் முத்திரை பெறுவர். வானொலி ஆசானின் காணாமையை அவ்வூரவர் அயலவரின் கண்களால் நிரப்பிக்கொண்டனர் எனலாம்.

அதே 1951இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜாக் லலேன் தமது தொலைக்காட்சிப் பயிற்சியைத் தொடங்கினார். 1959இல் அது நாடெங்கும் ஒளிபரப்பாகி, 1985 வரை நீடித்தது. அவர் கையாண்ட கருவிகளுள் முதன்மையானது வீட்டிலுள்ள சாதாரண கதிரை. பகற்பொழுதில் வீட்டிலிருந்த பெண்களே அவருடைய மாணாக்கருட் பெரும்பாலோர். விலையுயர்ந்த கருவி அவர்களிடம் இல்லை என்பதையும், கதிரை எவ்வீட்டிலும் உண்டு என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மாணவரைக் காணாவிடினும் மாணவரின் வீட்டை அறிந்த ஆசான் அவர்.

எனினும் வானொலியும் தொலைக்காட்சியும் தாம் குறித்த நேரத்துக்கே வந்தன. அடுப்பில் உலை கொதிக்கும்போதோ குழந்தை அழும்போதோ அவை காத்து நிற்பதில்லை. 1970களில் வீட்டு ஒளிப்பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தபின்னரே இந்நிலை மாறியது. 1982இல் நடிகை ஜேன் பொண்டா தமது பயிற்சியை ஒளிநாடாவாக வெளியிட்டார். படப்பிடிப்பொன்றிற் பாதத்தில் ஏற்பட்ட முறிவினால் பழகிவந்த பலே நடனத்தைக் கைவிட நேர்ந்தமையே அவரை இத்துறைக்குத் திருப்பியது. திரைப்பட நாடாவை ஒருமுறை பார்த்தாற் போதும். பயிற்சி நாடாவோ நாள்தோறும் வேண்டப்படுவது. ஆதலால் வாடகைக்கு எடுப்பதை விடுத்து மக்கள் அதை விலைகொடுத்து வாங்கினர். அத்தொடரின் 23 நாடாக்களும் மொத்தமாக ஒரு கோடியே 70 இலட்சம் பிரதிகள் விற்பனையாகின. ஆசானை நிறுத்தவும், பின்னோக்கி ஓட்டவும், ஒரே அசைவை ஐம்பது முறை செய்து காட்டச் சொல்லவும் மாணாக்கருக்கு அப்போதுதான் முடிந்தது. ஐம்பது முறை கேட்டாலும் சினங்கொள்ளாத ஆசான் உலகில் வேறெங்கே கிடைப்பார்?

அந்நாடாக்களைப் பெண்களே பெரிதும் விரும்பி வாங்கினர். பளுதூக்கும் கூடங்கள் ஆடவருக்குரிய இடங்களாகவே அன்று கருதப்பட்டன. கதவை மூடிக்கொண்டு, எவரும் பாராத வேளையில், பருத்த உடலோடும் தடுமாறும் கால்களோடும் பயிலலாம் என்பது அவர்களுக்குப் பெரும் விடுதலையாயிற்று. ஆசான் காணாமை இங்கு குறையன்று, அதுவே கொடை.

யாழ்ப்பாணத்து மாணவிக்கும் அஃது அவ்வாறே அமைந்தது. ஊரின் விளையாட்டுத் திடல் மாலையில் இளைஞர்களின் இடம். பள்ளிநாட்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஓடிய பெண்பிள்ளை, பள்ளியை விட்டபின் வீதியில் ஓடினால், ஓட்டத்துக்குக் காரணம் கேட்பவர் பலர். "என்ன பிள்ளை, ஆரேன் கலைக்கினமோ?" என்ற கேலியை ஒருமுறை கேட்டவள் மறுமுறை ஓடுவதில்லை. ஊரடங்கு அவளை வீட்டில் அடைத்தது என்பது உண்மையே. ஆனால் வியர்வை வடியப் பயில்வதற்கு ஊரடங்கின் முன்பும் அவளுக்கு வெளியே ஓர் இடம் இருந்ததில்லை என்பதும் உண்மை. கைத்தொலைபேசியில் தோன்றிய பெண் அவளைக் காணவில்லை. ஆதலால் அவள் நாணவும் இல்லை.

ஆயினும் மூன்றாம் வாரத்தில் வலது முழங்கால் நோகத் தொடங்கியது. அவள் தெரிந்தெடுத்தவை நெடுநாட் பயின்றோருக்குரிய காணொளிகள். அவற்றில் துள்ளல் மிகுதி. மரத்தளத்தின்மீது சப்பாத்து அணிந்து துள்ளுவோரைப் பார்த்து, வெறுங்காலுடன் சீமெந்துத் தரையிற் பாயின்மேல் அவள் துள்ளினாள். தரையை அடையும்போது முழங்காலை மடித்து இறங்க வேண்டும். அவளோ விறைத்த காலோடு இறங்கினாள். எதிரே நின்ற ஆசிரியை புன்னகை மாறாமல், மிக நன்று என ஆங்கிலத்தில் ஊக்கமளித்துக்கொண்டிருந்தாள்.

துரோணரின் மண்ணுருவை முன்னிறுத்தி வில்வித்தை பயின்ற ஏகலைவனின் கதை யாவரும் அறிந்தது. காணொளியில் உள்ள ஆசானும் ஒருவகையில் அம்மண்ணுருவே. அசைகின்றது, பேசுகின்றது, பாராட்டுகின்றது, ஆயின் காண்பதில்லை. ஏகலைவன் தட்சணையாகக் கட்டைவிரலைக் கொடுத்தான். காணொளி மாணாக்கருட் சிலர் முழங்காலைக் கொடுக்கின்றனர். 1980களின் பயிற்சி அலையிலும் இது நிகழ்ந்தது. ஓயாத துள்ளலினால் கீழ்க்காலெலும்பும் மூட்டும் நொந்தோர் பெருகவே, ஒரு பாதமேனும் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும் மென்பயிற்சிகள் பின்னர் வகுக்கப்பட்டன. மாணவரைக் காணாத ஆசானுக்கு மாணவரின் நோவு காலந்தாழ்த்தியே தெரியவருகின்றது.

முழங்கால் நோவோடு வேறொன்றும் அவளுக்குப் புலனாயிற்று. ஒரு மாதத்தில் அவள் எதனையும் ஒழுங்காகப் பயிலவில்லை. திங்கட்கிழமை நடனப் பயிற்சி, செவ்வாய் குத்துச்சண்டை அசைவுகள், புதன் யோகாசனம், வியாழன் தண்ணீர்ப் போத்தல்களைப் பளுவாக ஏந்திய பயிற்சி, வெள்ளிக்கிழமை எதை எடுப்பதெனத் தேடியே அரைமணி நேரம் கழிந்தது. கடினமான பகுதி வந்ததும் அடுத்த காணொளிக்குத் தாவுவது எளிதாயிருந்தது. அவள் எங்கே விட்டாள், எத்தனை நாள் வரவில்லை என்பதைக் கேட்பதற்கும் எவரும் இல்லை.

பலவகைப் பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பிலோ ஈடுபட வேண்டும். இவற்றோடு வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். விரைந்த அசைவு இதயத்தையும் நுரையீரலையும் பழக்குகின்றது. பளு தசைக்கும் எலும்புக்கும் உரம் ஊட்டுகின்றது. நீட்டி வளைத்தல் மூட்டுக்களை இலகுவாக்குகின்றது. ஒன்றின் வேலையை மற்றொன்று முற்றாகச் செய்துவிடாது. ஆனால் உடல் ஒரு பழக்கத்துக்கு இசைவது, அப்பழக்கம் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, சுமை சிறிது சிறிதாகக் கூடும்போதே. பலவற்றை முறைவைத்துப் பயில்வது வேறு. சலிப்புக்கு அஞ்சிப் பலவற்றைத் தொட்டுச் செல்வது வேறு. வாசிகசாலையில் நூல்களின் முதற்பக்கத்தை மட்டும் புரட்டுபவரை எவரும் படித்தவர் என்பதில்லை.

அவள் மூன்று காணொளிகளைத் தெரிந்து மற்றவற்றை அழித்தாள். துள்ளல் அற்ற ஒன்று, போத்தல் ஏந்தும் ஒன்று, யோகாசனம் ஒன்று. விரிவுரைக் குறிப்புக்கென வைத்திருந்த கொப்பியொன்றின் பின்பக்கத்தில் நாளையும் எண்ணிக்கையையும் குறித்தாள். வராத நாளுக்கு நேரே ஒரு கோடு இட்டாள். ஆசானின் கண் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பாதியை அக்கொப்பி ஏற்றுக்கொண்டது.

மறுபாதியை ஏற்றவர் தாயார். அவருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. கிளினிக்குக்குச் செல்லும்போதெல்லாம் நடக்கும்படி கூறுவர். ஒழுங்கையில் காரணமின்றி நடப்பதற்கு அவரும் நாணினார். இத்தனைக்கும் அவர் உடலுழைப்பு அறியாதவர் அல்லர். 1990களில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஊர் முழுவதும் துவிச்சக்கரவண்டியில் இயங்கிற்று. அவரும் மைல்கணக்காக மிதித்தார், கிணற்றிலிருந்து அள்ளினார், உரலில் இடித்தார். அதற்கு உடற்பயிற்சி என்ற பெயர் அன்று எவராலும் சூட்டப்படவில்லை. பின்பு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மோட்டார்ச் சைக்கிள் வந்தது. அரைத்த மா பொதியில் வந்தது. இலண்டன் பேருந்து ஊழியரை ஆராய்ந்த ஜெரமி மொரிஸ் என்னும் மருத்துவர், ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கிய நடத்துநரைவிட அமர்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு இதயநோய் மிகுதி என 1953இல் வெளிப்படுத்தினார். தாயாரின் வாழ்க்கையும், தாமறியாமலே, நடத்துநரின் படியை விட்டுச் சாரதியின் ஆசனத்துக்கு மாறியிருந்தது.

இயங்கும் தசை குருதியிலுள்ள குளுக்கோசை இன்சுலினின் துணையின்றியும் உள்வாங்க வல்லது. ஆகவே நீரிழிவு உடையோருக்கு உழைப்பும் ஒரு மருந்தே. மகள் இதனைப் படித்துக் கூறியபின், தாயார் கதிரையொன்றை விறாந்தைக்கு இழுத்துவந்தார். கையூன்றாமல் எழுவதும் மெல்ல அமர்வதுமே அவர் பயின்ற முதற்பயிற்சி. முதல்நாள் நான்கு முறை எழுந்தார். மருந்து உண்ட நாட்களில் தலைசுற்றலோ நடுக்கமோ தோன்றின் உடனே நிறுத்த வேண்டும் என்பதை மகளும், எழும்போது மகளின் முதுகு எங்கே கூனுகின்றது என்பதைத் தாயாரும் பார்த்துக்கொண்டனர்.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பெற்றோலுக்கு வரிசைகள் வளர்ந்தன. ஊரார் பழைய துவிச்சக்கரவண்டிகளைத் துடைத்து எடுத்தனர். ஒருநாட் காலை கைத்தொலைபேசி உயிரற்றுக் கிடந்தது. மகள் பாயைச் சுருட்ட முற்பட்டாள்.

"ஏன் பிள்ளை, அவ வராட்டி உனக்குத் தெரியாதே? நீ செய், நான் எண்ணுறன்" என்றார் தாயார்.

மகள் நினைவிலிருந்தே செய்தாள். தாயார் எண்ணினார், இடையில் இருமுறை, "முழங்காலை மடி" என்றார். பின்பு கதிரையில் அவர் அமர, மகள் எண்ணினாள். அன்று அவர் பதினெட்டு முறை எழுந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குசினி வாசலிற் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை அதுவே எனல் வேண்டும். திரையிலுள்ள ஆசான் வழியைக் காட்டுவார், நாணத்தைப் போக்குவார், எத்தனை முறை கேட்டாலும் சலியாது செய்து காட்டுவார். காண்பது மட்டும் அவரால் இயலாது. அதற்கு அதே வீட்டில் ஒரு கதிரையில் மற்றொருவர் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் மகள் கொப்பியை எடுத்து, தன் பெயரின் கீழ் ஓர் எண்ணும் தாயாரின் பெயரின் கீழ் ஓர் எண்ணும் எழுதினாள். மின்சாரம் மாலையிலேயே வந்தது.