அன்றைய ரேட்டா, இன்றைய ரேட்டா?

தாத்தாவின் மைக்செட் பெட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே கதைதான்: வால்வு லண்டன் சரக்கு, சர்க்யூட் தாத்தாவே யோசித்தது. கல்யாண வீடுகளில் பெரியப்பா இதை எடுத்துவிடும்போதெல்லாம் எனக்கு நெருடும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் எதை வைத்து யோசித்தார்?

பரணிலிருந்து இறக்கிக் கவிழ்த்தேன். முதலில் லண்டன் போனது. வால்வுக் கண்ணாடியில் மங்கிக் கிடந்த எழுத்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அடுத்து சர்க்யூட். முன்னால் ஓர் இஎஃப்86, நடுவில் இசிசி83, கடைசியில் ஜோடியாக இரண்டு இஎல்84, கரண்டை டிசியாக்க இஇசட்81. ஐந்து வால்வு, 10 வாட். பிரிட்டனின் முல்லார்ட் கம்பெனி 1950களில் வெளியிட்ட ‘ஐந்து–பத்து’ சர்க்யூட்டேதான்!

பெரியப்பாவின் வாயை அடைக்க இது போதும். ஆனால் அந்த சர்க்யூட்டில் ஒரு சங்கதி உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் கொஞ்சத்தைக் கிள்ளி முதல் வால்வுக்கே திருப்பி அனுப்புவார்கள். 26 டெசிபல் அளவுக்கு, அதாவது பெருக்கம் இருபதில் ஒரு பங்காகும்வரை. ஒலியின் கோணலெல்லாம் அதில் நிமிர்ந்துவிடும். இடையில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மட்டமாக இருந்தால், திரும்பும் சிக்னல் நேரம் தப்பி வரும், பெட்டி ஊளையிடும். சர்க்யூட்டைக் காப்பியடித்துவிடலாம், டிரான்ஸ்ஃபார்மரை முடியாது. வால்வு ஒலி ‘இனிப்பு’ என்று உருகுகிறவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை. தாத்தாவின் பெட்டியில் இருந்ததோ மெழுகில் தோய்த்த, பேரில்லாத ஒரு கறுப்புக் கட்டி. யார் கட்டியது?

கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். அவரிடம் நான்கு நாள் நடந்தேன்.

“ஐயா, இதுல எத்தனை சுத்து இருக்கும்?”

“பிரிச்சாத் தெரியும்.”

“பிரிச்சா வீணாப் போயிருமே.”

“அப்பத் தெரியாது.”

இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாள் என் தொல்லை தாங்காமல் ஒரு பக்கம் 230 வோல்ட் கொடுத்து, மறுபக்கம் மீட்டரை வைத்தார். பத்து காட்டியது. 23 சுற்றுக்கு ஒன்று. 23ஐ 23ஆல் பெருக்கி, குழாய் ஸ்பீக்கரின் 15 ஓம்மால் மறுபடி பெருக்கினால் 8000க்குப் பக்கத்தில் வருகிறது. இஎல்84 ஜோடி கேட்பது அந்த 8000 ஓம்தான். நான் துள்ளினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் ஓரத்து மெழுகைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மெல்லிய கம்பி ஓர் அடுக்கு, தடித்த கம்பி ஓர் அடுக்கு, திரும்ப மெல்லியது. இரண்டையும் தள்ளித் தள்ளிக் கட்டினால் கீச்சு ஒலி வழியிலேயே கசிந்துபோகும். அதற்குத்தான் இந்த மாற்றுக்கட்டு.

“இப்படிக் கட்ட யாருய்யா சொல்லிக் குடுத்தது?”

“உங்க தாத்தாதான் புஸ்தகத்துல படத்தைக் காட்டுனாரு. மூணு தடவ கட்டியும் ஊளை நிக்கல. இது நாலாவது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. “மொத நாளே சொல்லியிருக்கலாமே?”

“நீ எத்தனை சுத்துன்னுதானப்பா கேட்ட? அது எனக்கு மறந்துபோச்சு.” கத்தியைத் துடைத்தார். “நாலு தடவ கட்டுனேன். ஒரு தடவைக்குத்தான் கூலி குடுத்தாரு, உங்க தாத்தா.”

பர்ஸை எடுத்தேன்.

“அன்னைக்கு ரேட்டா, இன்னைக்கு ரேட்டா?” என்றார்.