யார் செய்த குற்றம்?

பிள்ளைச் செல்வமே பெருஞ்செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வம் கிடைத்தும், ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே அதை வைத்து வளர்க்கும் பெற்றோரைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற பலரின் நிலை அதுவே. எங்கள் வீட்டிலும் சில காலம் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் அக்காமார் இருவர். எங்கள் தம்பிக்கு வயது ஒன்பது. மூன்று வயதாகியும் அவன் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். சோடா மூடிகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குவான். "இவன் அப்பனுக்கும் பேச்சு தாமதமாகத்தான் வந்தது" என்று அப்பத்தா ஆறுதல் சொன்னார். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். ஓராண்டு கழித்து மருத்துவர் இது ஆட்டிசம் என்றார். அன்று முழுவதும் அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவோ, "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எண்ணெய் ஊற்ற ஆட்களா இல்லை? தாய் கொஞ்சிப் பேசவில்லை என்றார் ஒருவர். முன்னோர் செய்த வினை என்றார் மற்றொருவர். சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸின் ஹாரன் ஒலி தாங்காமல் தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பின் அம்மா கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்பா மட்டும் போய், "பையனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி மொய் எழுதிவிட்டு வருவார்.

பழி சொன்னவர்கள் நம் ஊரார் மட்டுமல்லர். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் பற்றி எழுதினார். பின்னர், தாயின் அன்பில் வெப்பமில்லாமையே இதற்குக் காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையே பரவியது. எத்தனை தாய்மார் கண்ணீர் விட்டிருப்பர்! அதை மறுத்து 1964-இல் நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர் மட்டுமல்லர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும்கூட. 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில், பெற்றோர்மீது குற்றமில்லை என்று கானரே அறிவித்தார். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு என்றும், அதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் இன்று அறிகிறோம்.

நம் தமிழிலும், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையாகிய எழுத்தாளர் யெஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்னும் நூலை எழுதியுள்ளார். அதை அப்பா படித்துக் காட்ட, அம்மா கேட்டார். மெல்ல மெல்ல வீடு மாறியது. தம்பி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்க் குடத்தின்மேல் வைப்பான். முன்பு அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது, "என் பிள்ளை தண்ணீர் கேட்கிறான்" என்கிறார் அம்மா. கூட்டமில்லாத விடியற்காலையில் அப்பா அவனைத் தெப்பக்குளத்துக்கு அழைத்துச் செல்கிறார். அவன் நீரைப் பார்த்துச் சிரிக்கும்போது அப்பாவும் சிரிக்கிறார்.

இருப்பினும் ஓர் அச்சம் நீங்கவில்லை. "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்று இரவில் இருவரும் பேசிக்கொள்வது எங்கள் காதில் விழும். பதினெட்டு வயதுக்குப் பின்னும் இத்தகையோருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. அக்காமார் நாங்களும் இருக்கிறோம். ஆனால் சட்டமும் உடன்பிறந்தாரும் மட்டும் போதுமா? ஊரும் வேண்டுமன்றோ!

அன்புத் தோழியரே, பெரியோரே! பஸ்ஸிலோ பூசையிலோ ஒரு பிள்ளை அலறினால் அதன் தாயை முறைத்துப் பார்க்காதீர்கள். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும்போது, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்காக எங்கள் அம்மாவைப்போல் எத்தனையோ தாய்மார் காத்திருக்கிறார்கள்.