விண்ணோக்கும் பிள்ளையும் மண்ணோக்கும் பெற்றோரும்

வேப்பூர்க் கூட்டுச்சாலையில் இரவு முழு இருட்டாக வருவதில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் குறுக்கிடும் இடமாதலால், விளக்கொளியும் பேருந்து ஓசையும் விடியும்வரை ஓய்வதில்லை. அத்தகைய ஊரில், விண்மீன்களின்மேல் தீராக் காதல் கொண்ட ஒரு பெண்பிள்ளையை வளர்த்த பெற்றோர் நாங்கள். வளர்த்தோம் என்பதைவிட, அவள் பின்னால் மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கினோம் என்பதே பொருந்தும்.

அவளுடைய ஒன்பதாம் வயதில் அது தொடங்கிற்று. மார்கழி மாதத்து இரவொன்றில், இஷாத் தொழுகைக்குப் பின், "அத்தா, திருவாதிரை மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டாள். எங்களுக்கு வானநூல் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தார் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் உழைத்து உண்டவர்கள். சூளையின் துளைவழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே வெப்பத்தைக் கணிப்பார்கள். ஏறத்தாழ 700 பாகையில் மங்கிய சிவப்பு. 1,000 பாகையில் செம்மஞ்சள். பீங்கான் வேகும் 1,250 பாகைக்கு மேல் கண்கூசும் வெளிர்மை. தெரிந்த அதனைச் சொல்லிவைத்தோம்.

மறுவாரமே நூலகத்துப் புத்தகம் ஒன்றோடு வந்தாள். விண்மீனுக்கும் அதே முறைதானாம். வரிசை ஒன்று, அளவுதான் வேறு. சிவந்த திருவாதிரையின் மேற்பரப்பு 3,000 பாகையைச் சற்றே கடந்தது. அதே ஓரையன் கூட்டத்தில் நீலவெண்மையாய் ஒளிரும் ரைஜெல் 10,000 பாகையையும் தாண்டியது. சூளைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வானமே ஒரு சூளையாகிவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை.

அந்தப் பெருமை பத்தாம் வகுப்பு வரைதான் நீடித்தது. 2019ஆம் ஆண்டில், அரையாண்டுத் தேர்வுக்கு முன், நாங்களே வாங்கித் தந்த பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். பொதுத்தேர்வு முடிந்தபின் தருவதாக ஏற்பாடு. அவள் அழவில்லை, எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் முழு வளையமாகத் தெரியும். ஒருநாள் சென்று வரலாம் என்று கெஞ்சினாள். தேர்வைக் காரணம் காட்டி மறுத்தோம். உறவினர் ஒருவரோ, கிரகண வேளையில் பெண்பிள்ளை வெளியில் நிற்பதே ஆகாது என்றார். அதைக் கேட்ட ஜமாஅத்துப் பெரியவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்ததையும், அந்த மரணத்தினால்தான் பிடித்தது என்று மக்கள் பேசியதையும், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்க்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் அவர்கள் அந்தத் துயரத்தினிடையேயும் மறுத்துரைத்ததையும் எடுத்துக் கூறினார். உறவினர் அடங்கினார். நாங்கள்தாம் அடங்கவில்லை, தேர்வு என்னும் சாக்கு எங்கள் கையில் இருந்ததே!

காலை ஒன்பதரை மணியளவில் அவள் தெருவோரத்து வேப்பமரத்தடியில் நின்றாள். இலை இடுக்குகளின் வழியே விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் தரையில் ஒரு பிறையாகக் கிடந்தது. நூற்றுக்கணக்கான பிறைகள். பள்ளிவாசலுக்குச் சென்று திரும்பியோர் நின்று பார்த்தனர். அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னாள், எங்களைத் தவிர.

அடுத்த மாதம் ஓர் இரவு, "திருவாதிரை மங்கிவிட்டது, ரோகிணியைவிடவும் குறைந்துவிட்டது" என்றாள். இரவெல்லாம் படித்துக் கண் கெட்டுவிட்டதென்று அஞ்சி, விருத்தாசலத்தில் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். சில நாட்களில் செய்தித்தாளிலேயே வந்தது: திருவாதிரை வழக்கத்திற்கு மாறாக மங்கிவருவதாக உலகெங்கும் வானியலார் வியந்திருந்தனர். அம்மீன் தானே உமிழ்ந்த தூசுப்படலம் அதன் முகத்தை மறைத்தது என்பது பின்னர் வந்த ஆய்வு. எங்கள் மகளோ அதை வெறுங்கண்ணால் கண்டிருந்தாள். பைனாகுலர் அப்போது பீரோவில் இருந்தது.

எந்தத் தேர்வுக்காகப் பூட்டினோமோ, அந்தத் தேர்வே கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 ஜூன் மாதம் ரத்தாயிற்று! அன்று மாலை பைனாகுலரை எடுத்து அவள் கட்டிலின்மேல் வைத்தோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. மஃரிபுக்குப் பின் அவளே வந்து, "மாடிக்கு வர்றீங்களா அத்தா? அம்மாவையும் கூப்பிடுங்க" என்றாள்.

வேணு பாப்புவைப் பற்றி அவளிடமிருந்துதான் அறிந்தோம். ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் 1901இல் தொடங்கிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர் அவருடைய தந்தை. மகன் மாணவப் பருவத்திலேயே ஒளி மாறும் விண்மீன்களை நோக்கிக் கட்டுரை எழுதினார். 1949இல், ஹார்வர்டில் பயிலும்போது, வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தோரில் ஒருவரானார். பின்னாளில் நம் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்தார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மகனின் பெயரை உலகம் அறியும். நாங்கள் நினைப்பதெல்லாம் அந்தத் தந்தையைத்தான். தொலைநோக்கியைப் பூட்டிவைக்காத தந்தை அவர்.

பொறியியலா, இயற்பியலா என்று பிறகு எழுந்த வழக்கை இங்கே விரிக்கவேண்டியதில்லை. அவளே வென்றாள், இன்று முதுகலை இயற்பியல் பயில்கிறாள்.

2031 மே 21 அன்று மறுபடியும் ஒரு வளையக் கிரகணம் தமிழ்நாட்டின் தென்பகுதியைக் கடக்கவிருக்கிறது. மதுரையில் வளையம் தெரியும். அவள் எங்கே இருப்பாளோ, யார் வீட்டு மருமகளாய் இருப்பாளோ, அறியோம். இன்ஷா அல்லாஹ், நாங்கள் இருவரும் முதல்நாள் இரவே கூட்டுச்சாலையில் மதுரைப் பேருந்து ஏறுவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவளிடம் சொல்லிவிட்டோம். "என் டிக்கெட்டையும் சேர்த்து எடுங்க" என்கிறாள்.