பூமியைத் தொடாத கம்பி

திருவொற்றியூரில் குடியிருப்பவன் துருவைப் பற்றிப் புலம்பினால் யாரும் காது கொடுப்பதில்லை. ஜன்னல் கம்பி, பூட்டு, சைக்கிள் செயின் எல்லாவற்றையும் கடற்காற்று தின்றுகொண்டேயிருக்கிறது. இருபது வருஷமாகப் பௌதிகம் போதிக்கும் நான் அந்தக் காற்றை மறந்து பட்ட அவமானத்தைத்தான் இங்கே எழுத உத்தேசம்.

ராயபுரத்துச் செம்படவக் குடும்பத்துப் பையன் ஒருவன், என்னிடம் படித்தவன். கிடார் வாசிப்பதில் அவனுக்குப் பைத்தியம். வால்வு வைத்த ஆம்ப்ளிபையர்தான் வேண்டும் என்றான். கடையில் வாங்க வசதி இல்லை. "நாமே செய்துவிடலாம் சார்" என்றான். அமெரிக்காவில் லியோ பெண்டர் 1950-களில் விற்ற 'சாம்ப்' என்ற சிறு பெட்டியின் படம் எளிதில் கிடைக்கிறது. மூன்றே வால்வுகள், சுமார் ஐந்து வாட் சக்தி. 1938-ல் சென்னை வானொலி நிலையம் திறந்தபோது வீடுகளில் அதைக் கேட்கச் செய்த ரேடியோக்களின் உள்ளே எரிந்ததும் இந்த ஜாதி வால்வுதான். ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். ஒரு பழைய டப்பாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை குத்திய வால்வு ஒன்று அகப்பட்டபோது, நம் படத்துக்கு அது பொருந்தாது என்று தெரிந்தும், சுதேசி அபிமானத்தால் வாங்கிவிட்டேன்!

பெட்டி பேசிற்று, ஆனால் ஒழுங்காகப் பேசவில்லை. வால்யூம் குமிழை முழுவதும் திருப்பினாலும் ஓசை கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல மெலிந்திருந்தது. பூஜ்யத்தில் வைத்தாலோ அடங்க மறுத்தது, சன்னமாக முனகிக்கொண்டேயிருந்தது. இவற்றோடு இடைவிடாத ரீங்காரம் வேறு. தாளத்துக்காகப் பையன் தன் கணினியையும் ஒரு கம்பியால் சேர்த்தான், ரீங்காரம் இரட்டித்தது.

வால்வை மாற்றினேன், குமிழை மாற்றினேன், பலனில்லை. கணினியால் வந்த ரீங்காரத்துக்கு மட்டும் காரணம் தெரிந்தது. இரண்டு பெட்டிகளும் தனித்தனியே எர்த்துக்குப் போகின்றன. நடுவில் சமிக்ஞைக் கம்பியாலும் பிணைந்திருக்கின்றன. அது ஒரு வளையம். வளையத்தில் வீட்டு மின்சாரத்தின் 50 சைக்கிள் ஓசை புகுந்துகொள்கிறது. வளையத்தை எங்கேயாவது அறுத்தால் போதும் அல்லவா? பிளக்கைத் திறந்து ஆம்ப்ளிபையரின் எர்த் கம்பியைக் கத்தரித்துவிட்டேன். மூன்றாவது முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது ஏன் என்று வருஷந்தோறும் வகுப்பில் கேள்வி கேட்கும் நான்! எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காகத்தான் என்று விடையும் நானே சொல்லுவேன்.

ரீங்காரம் பாதி குறைந்தது. பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் கணினி இல்லாமல் வாசித்தான். கணினியின் கம்பி வழியாகக் கிடைத்துவந்த பூமித் தொடர்பும் அன்று இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, வெறுங்கால். கிடார்த் தந்திகள் பெட்டியின் தகரத்தோடு சேர்ந்தவை. "சார்!" என்று ஒரு கூச்சல். கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். சுரீரென்று ஏறியதாகச் சொன்னான். நல்ல வேளையாக அவ்வளவோடு போயிற்று. 1972-ல் ஸ்வான்ஸீ நகரத்து மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு லெஸ்லி ஹார்வி என்ற கிடார் வித்வான் இறந்தார். 1976-ல் கீத் ரெல்ப் என்ற பாடகர் தம் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிடாரால் இறந்தார். இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன என்பதுதான் வெட்கக்கேடு.

அன்று மாலையே ராயபுரத்தில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிப்போனோம். பிளக்கைத் திறந்து பார்த்தார்.

"இதை வெட்டினது யாரு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றேன்.

"நீங்க வாத்தியாருன்னு சொன்னாங்களே?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் எர்த் கம்பியை மீண்டும் பொருத்தினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஒரு ரெஸிஸ்டன்ஸ் வழியாக அதை வடித்தார். மின்சாரம் ஓடும்போது சோதிக்க நேர்ந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மரக்குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு திருகாணியைத் தட்டியதும் பெட்டி உரத்துக் கத்திற்று!

அந்தத் திருகின் கீழ் இரண்டு கம்பிகளைச் சேர்த்திருந்தேன். ஒன்று, வால்யூம் குமிழின் கடைசிக் கால். குமிழ் ஓசையைக் குறைப்பது எப்படி? வேண்டாத ஓசையைப் பூமிக்கு அனுப்பித்தான். பூமிக்குப் போகும் வழி துருவால் அடைபட்டால் பூஜ்யத்திலும் ஓசை அடங்காது. மற்றொன்று, முதல் வால்வின் கேதோடிலிருந்து வரும் கண்டென்ஸர். அது பூமியைத் தொடாவிட்டால் அந்த வால்வின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வால்வைச் சூடேற்றும் இழையின் ரீங்காரமும் கேதோடில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வியாதி என்று நான் மருந்து தேடியதெல்லாம் துருப்பிடித்த ஒரே திருகு! வாங்கும்போதே அது துருவேறியிருந்தது. சுரண்டிவிட்டு மாட்டச் சோம்பல்பட்டவன் நான்.

பெரியவர் தகரத்தைப் பளபளவென்று தேய்த்து, பல்வாஷர் போட்டு இறுக்கினார். கணினி வளையத்துக்கு, சமிக்ஞைக் கம்பியின் நடுவே கட்டைவிரல் அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்தார். ஓசை அதன் வழியே தாண்டும், எர்த் தாண்டாது. "வளையத்தை அறுக்கணும்னா இங்கே அறுக்கணும் வாத்தியாரே" என்றார்.

மறுநாள் பெட்டியைப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. ஒரு மின்தொழிலாளியை அழைத்துக்கொண்டு முன்னதாகவே போனேன். சுவர்ப் பலகையைக் கழற்றினோம். மூன்றாவது துவாரம் இருந்தது. அதன் பின்னால் கம்பியே இல்லை! எத்தனை வருஷமாகவோ அந்த வீட்டில் குளிர்பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் அப்படியே ஓடியிருக்கின்றன.

கொல்லையில் குழி வெட்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டினோம். பையனுடைய தாயார் மீன்கூடையை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்கு நேர்ந்ததையும், கம்பியை வெட்டியது நான்தான் என்பதையும் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு உப்பு மூட்டையைக் காட்டி, "கடலோரத்துல குழி வெட்டி, கடையில உப்பு வாங்கியாந்து போடுறீங்களே சார்!" என்றாள்.